எல்லைப்புறத் தமிழரும் கணினித் திரையும்

2025 ஆகஸ்ட் 21 அன்று, கேரளம் முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் எனப் பிரகடனம் செய்யப்பட்டபோது, கைப்பேசியையும் இணையத்தையும் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குப் பொறுமையுடன் கற்பித்த தொண்டர்களின் உழைப்பு அதற்குப் பின்னே இருந்தது. ஜனங்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். இனி மென்பொருள் ஆக்குவோரின் பங்கு என்ன என்ற வினா, பாலக்காட்டுச் சித்தூரிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலைத் தாலுகாக்களிலும் தலைமுறைகளாக வாழும் தமிழரிடையே கூர்மையாகவே எழுகிறது.

இவ்வினாவின் விடைக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1979இல் வெளிவந்த, டான் பிரிக்லினும் பாப் ஃப்ராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருள், கணக்கர் நாள்தோறும் கையாளும் பேரேட்டின் வரிசைகளையும் பத்திகளையும் அப்படியே திரையில் விரித்தது. ஆகவே நிரல் எழுதும் கலையை அறியாதவரும், ஓர் எண்ணை மாற்றினால் கணக்கு முழுவதும் மாறுமாறு யந்திரத்துக்கு ஆணையிட முடிந்தது. அதே நியாயத்தால்தான், கேரளப் பள்ளிகளில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமும், அதன் வாரிசான 'கைட்' நிறுவனமும் பரப்பிய மென்பொருள்களில் ஒன்றான ஜியோஜீப்ராவில், நிரலின் ஒரு வரியும் அறியாத கணித ஆசிரியர், முக்கோணத்தின் முனையை இழுத்தே தேற்றத்தை விளக்கிவிடுகிறார்.

ஆனால் அப்பள்ளியில் படிக்கும் தமிழ் மாணவனின் பெற்றோர், வருமானச் சான்றிதழுக்கு அக்ஷயா என்னும் அரசு இணையச் சேவை மையத்தையே நாடுகின்றனர். 2002 நவம்பரில் அப்துல் கலாம் தொடங்கிவைத்த அத்திட்டம், மலப்புறத்திலிருந்து மாநிலமெங்கும் பரவி அளித்த சௌகரியம் மகத்தானது. எனினும், தம் பெயரால் தமிழல்லாத மொழியில் நிரப்பப்பட்ட மனுவைத் தாமே வாசித்துச் சரிபார்க்க இயலாதவர், வருமானத்தையும் ஜாதியையும் கடனையும் அயலாரிடம் ஒப்புவித்துவிட்டு, பிழை நேர்ந்தால் அதன் பலனை மட்டும் தாமே அநுபவிக்க வேண்டியிருக்கிறது. உதவியாளர் இருப்பது நன்மை. அவரின்றி ஒன்றுமே ஆகாது என்பது பராதீனம்.

இதற்குப் பரிகாரம் அபூர்வமானதன்று. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசாங்கத்துக்குத் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே பதில் பெறும் உரிமையை ஏற்றிருக்கிறது. காகிதத்துக்கு உள்ள அவ்வுரிமை திரைக்கும் பூரணமாக உரியதாதல் வேண்டும். பாஷை மாற்றம் மட்டும் போதாது. சமர்ப்பிக்குமுன் மனு முழுவதையும் எளிய தமிழில் படித்துக் காட்டுவதும், எந்தக் கட்டத்தில் என்ன பிழை, அதை எவ்வாறு திருத்துவது என்று தெளிவாகச் சொல்வதும், இணைப்பு அறுந்தாலும் நிரப்பியதை அழியாமல் காப்பதும் அவசியம்.

சில தாலுகாக்களுக்காக இத்தனை செலவா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பாஷையை மாற்றும் வேலை ஒருமுறை செய்வது. பிழையான மனுக்களால் ஏழைகள் இழக்கும் கூலியோ ஆண்டுதோறும் தொடர்வது. ஆதலின், எந்த அரசாங்கச் சேவையும் இணையத்தில் ஏறுமுன், தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளரும் சித்தூர் விவசாயியும் அதைத் தாமாகவே பயன்படுத்திப் பார்க்கட்டும். அவர்கள் தயங்கி நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் மென்பொருளின் குறையாகவே பதிவு செய்து, அது தீரும்வரை அச்சேவையை முடிந்ததாகக் கருதாமல் இருப்பதே நேர்மையான விதியாகும்.