சுளுக்கு என்று நினைத்தோம்!

எங்கள் ஆம்பூரில் தடுக்கி விழுந்தால் ஷூ கம்பெனிதான். என் தங்கையும் அப்படி ஒரு கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். அவள் பெண்ணுக்கு 13 வயது. போன வருஷம் என்னோடு கடைத்தெருவுக்கு வந்தவள், “பெரியம்மா, என் ஒரு செருப்பைக் காணோம்!” என்றாள். திரும்பிப் பார்த்தால் பத்தடி பின்னால் கிடக்கிறது. கழன்றதே தெரியவில்லையாம்!

பிறந்ததிலிருந்தே அவளுக்குக் குட்டைக் கழுத்து. தலையும் சற்றுச் சாய்ந்திருக்கும். கழுத்து வலி என்பாள். சுளுக்குதானே என்று நான்தான் எண்ணெய் போட்டு உருவிவிடுவேன். சுளுக்கு எடுப்பவரிடமும் இரண்டு தடவை கூட்டிப் போனோம். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறிய பிறகுதான் பயந்துபோய் வேலூர் சி.எம்.சி.க்கு ஓடினோம். 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவிலேயே முதன்முதலாக நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய இடமாச்சே!

எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து டாக்டர் விளக்கினார். கழுத்தில் 7 எலும்புகள். மேலே இருப்பது வளையம். இரண்டாவதில் பல் மாதிரி ஒரு முளை. திருகையில் முளையைச் சுற்றி மேல்கல் சுழலுமே, அப்படித்தான் தலை திரும்புகிறது. பிறவியிலேயே இந்த அமைப்பு சரியில்லாவிட்டால் எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்துமாம். உருவிய என் கையை நினைத்துக் குலை நடுங்கிவிட்டது.

பின்கழுத்தில் ஆபரேஷன் செய்து, எலும்புகளைச் சரியான இடத்தில் நிறுத்தி, ஸ்க்ரூ போட்டு இறுக்கினார்கள். இடுப்பு எலும்பில் கொஞ்சம் எடுத்து வைத்தார்கள். அது பிடித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்த ஸ்க்ரூ முறை பற்றி மும்பை டாக்டர் அதுல் கோயல் 1994-ல் எழுதியது உலகெங்கும் பேசப்படுகிறது.

சில மாதம் கழுத்துப் பட்டையோடு இருந்தாள். இப்போது பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறாள். கழுத்து மட்டும் முன்போல் முழுக்கத் திரும்பாது. ஆபரேஷன் மேலும் கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்ட நரம்பெல்லாம் திரும்பிவரும் என்று சொல்ல முடியாதாம். அதனால்தான் சீக்கிரம் போக வேண்டும்.

சகோதரிகளே! குட்டைக் கழுத்தோ சாய்ந்த தலையோ உள்ள குழந்தைக்கு நடை தள்ளாடினால், விரல் மரத்தால், செருப்பு கழன்றது தெரியாவிட்டால், கழுத்தை உருவவும் நெட்டி முறிக்கவும் யாரையும் விடாதீர்கள். தலையில் குடம் வைக்காதீர்கள். எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். நான் செய்த தவறை நீங்களும் செய்ய வேண்டாம்.