கமராவுக்கு முன் ட்ரைபொட்



பாடசாலை நிகழ்ச்சிகளை வீடியோ எடுக்க நாம் சேர்க்கும் பணம் முழுவதையும் கமராவுக்கே கொடுத்துவிட வேண்டாம். ஒரு பங்கை நல்ல ட்ரைபொட்டுக்கு ஒதுக்குவோம்.

கமரா, லென்ஸ், மைக், மொனிட்டர் எல்லாம் பூட்டினால் நாலைந்து கிலோ வந்துவிடும். போட்டோவுக்கான மெல்லிய ட்ரைபொட்டில் வைத்துத் திருப்பினால் படம் குலுங்கும். ஃப்ளூயிட் ஹெட்டுக்குள் இருக்கும் கெட்டியான திரவம்தான் கமராவைச் சீராகத் திரும்ப வைக்கிறது. நீராவி ரயில்களைப் படம்பிடிப்பதில் ஆர்வம் கொண்ட அமெரிக்கப் பொறியியலாளர் சாட்வெல் ஓகானர் உருவாக்கிய இத்தகைய ஹெட்டுக்கு ஒஸ்காரின் தொழில்நுட்ப விருதே கிடைத்தது.

நோர்வூட்டில் சமதரை எங்கே இருக்கிறது? 75 மில்லிமீட்டர் கிண்ணம் உள்ள ட்ரைபொட்டைப் பார்ப்போம். சரிவில் வைத்தாலும் ஹெட்டை மட்டும் சாய்த்து மட்டம் பிடிக்கலாம். கடையிலேயே கமராவைப் பூட்டி, சற்றுச் சாய்த்து, கையை எடுத்துப் பார்ப்போம். தலைகுப்புற விழுந்தால் அந்த ஹெட் நமக்குச் சரிவராது.

கமரா சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல ட்ரைபொட் அடுத்த கமராவையும் தாங்கும்.

அன்றைய பேரை விட முடியாமல் மலைக்குப் போன தாய், பிள்ளையின் நாடகத்தை வீடியோவில்தான் பார்க்கிறார். அதையாவது குலுங்காமல் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.