மூன்று நாள் வாய்ப்பூட்டு

கோடிகளைக் கொட்டி எடுத்த படத்தை அவசர விமர்சனம் கொன்றுவிடுகிறது, ஆகவே முதல் மூன்று நாள் இணையத்தில் விமர்சனமே கூடாது. 2024 டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கம் இப்படிக் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாதம் இன்னும் சாகவில்லை. அதற்கு என் பதில் மூன்று.

ஒன்று: 'கங்குவா' படத்தில் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று முதல் நாளே சொன்னவர்கள் ரசிகர்கள். அதன் பிறகுதான் படக்குழுவினர் ஒலியைக் குறைக்கச் சொன்னார்கள், 12 நிமிடத்தை வெட்டினார்கள். குறையே இல்லையென்றால் எதைத் திருத்தினீர்கள்? மூன்று நாள் வாயை மூடியிருந்தால் அத்தனை பேரும் காது வலியோடுதானே திரும்பியிருப்பார்கள்?

இரண்டு: அதே ஆண்டு 'மஞ்சும்மல் பாய்ஸ்', 'லப்பர் பந்து' இரண்டையும் ஓட வைத்தது இதே வாய்மொழிதான். அப்போது மட்டும் இனித்ததா?

மூன்று: 1982இல் 'ஈ.டி.' படம் உலகெங்கும் ஓடியது. அதை வைத்து ஐந்தே வாரத்தில் அடாரி நிறுவனம் செய்த வீடியோ கேம் படுத்தது. மிஞ்சிய கேட்ரிட்ஜ்களைப் பாலைவனத்தில் புதைத்தார்கள். அன்று விமர்சிக்க யூடியூப் ஏது? சரக்கு சரியில்லாததால்தான் படுத்தது.

சாமல்பட்டிக்காரர் ஒருவர் ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார். வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. பஸ், டிக்கெட், பிள்ளைகளுக்குப் பாப்கார்ன் என்று ஒரு நாள் சம்பளம் போய்விடும். "படம் எப்படிய்யா?" என்று அவர் கேட்கக்கூடாதா? விமர்சனம் என்ற பெயரில் நடிகரின் குடும்பத்தை ஏசுகிறவன் மேல் வழக்குப் போடுங்கள். சாமல்பட்டிக்காரரின் கேள்விக்குப் பதில் சொல்கிறவனை விடுங்கள்.