அம்புக்குறி இல்லாத வாசல்

எங்கள் பகுதி டாஸ்மாக் கடையை இடம் மாற்றப்போகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு அருகிலா என்று பெண்கள் மறியல் செய்ததன் பலன். பாராட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்தும் கடை. தெருவில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள் என்று எழுதியதுமே, போன ஞாயிற்றுக்கிழமை அலைந்த அலைச்சல் நினைவுக்கு வந்துவிட்டது. கடை போகட்டும், இதைச் சொல்லியாக வேண்டும்.

பெயர்ப்பலகைகள் மீது எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். பேருந்து நிலையத்தையும் தாலுகா ஆபீசையும் அதற்காகவே திட்டியிருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் வழி தவறினால் அரை மணி நேரம்தான் நட்டம்.

சித்தப்பா மகன் குடிநோய்க்குச் சிகிச்சை எடுத்து வார்டிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. வருஷக்கணக்கில் குடித்தவர்கள் திடீரென்று தாமாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தியவன். "அண்ணே, ஏ.ஏ. மீட்டிங்குக்குப் போகச் சொல்லியிருக்காங்க. கூட வர்றீங்களா?" என்றான். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட முயல்பவர்களின் அமைப்பு. அவன் சொன்னது ஓப்பன் மீட்டிங், குடிக்காதவர்களும் போகலாம். இதை எழுதட்டுமா என்று பிறகு கேட்டபோது, "எழுதுங்க, பேரு மட்டும் வேணாம்" என்றான்.

கையில் ஒரு துண்டுச்சீட்டு. ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர், மாலை 6 மணி, அவ்வளவுதான். முன்கேட்டில் பூட்டு. வாட்ச்மேன், "இன்னிக்கு லீவு சார்" என்றார். டீக்கடையில் விசாரித்தோம். குடியை விட்டவர்களின் கூட்டம் எங்கே என்று நாலு பேர் நடுவில் கேட்க வேண்டும். நான் கேட்டேன், பெஞ்சில் இருந்தவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சீட்டை மடித்து மடித்து விரல்நுனி அளவாக்கியிருந்தான். "போயிரலாம்ணே" என்று மூன்றாவது தடவை சொன்னபோது மணி ஆறு இருபது. பின்பக்கச் சந்தில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அவன் முகத்தைப் பார்த்தார். "மீட்டிங்குக்கா தம்பி? வாங்க" என்றார்.

ஏ.ஏ. பிறந்த கதையே ஒரு தேடல்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தொழில் பார்த்த பில் வில்சன், குடியை விட்டு ஐந்து மாதமாகியிருந்தது. வந்த காரியம் தோற்றுப்போய் மேஃப்ளவர் ஓட்டலின் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசியை எடுத்தார். குடியை விட முடியாமல் தவிக்கும் இன்னொருவரோடு பேசினால்தான் தன்னால் குடிக்காமல் இருக்க முடியும் என்று அவருக்குப் பட்டிருந்தது. ஒரு பாதிரியாரிடம் தொடங்கி, ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டு, கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். மறுநாள் தன் வீட்டிலேயே டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்திக்க வைத்தார். அந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தவர். பேச்சு இரவு பதினொன்று தாண்டியும் நீண்டது. பாப் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10 தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பிறந்தநாள்.

இந்தக் கதையில் நான் வணங்குவது அந்தப் பெண்மணியை. முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் தன்னைக் குடிநோயாளி என்று சொல்கிறார்; வீட்டுக்கு வாருங்கள் என்று வழி சொன்னாரே, அந்த மனசு!

அந்தப் பெரியவர் எங்களை அழைத்துப்போன வகுப்பறைக்கு வருகிறேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு பதினைந்து பேர். கரும்பலகையில் வெள்ளிக்கிழமை வாய்ப்பாடு அழியாமல் இருந்தது. ஃபிளாஸ்கில் டீ. கட்டணம் கிடையாது; குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் உறுப்பினர் தகுதி. செலவுக்கு உறுப்பினர்களே முடிந்ததைப் போடுகிறார்கள். அங்கே கேட்டதை அங்கேயே விட்டு வர வேண்டும் என்பது வழக்கம். யார் என்ன பேசினார்கள் என்று எழுத மாட்டேன். தம்பியின் கையிலிருந்த டீ முதலில் தளும்பிக்கொண்டிருந்தது, கூட்டம் முடியும்போது டம்ளர் காலியாக இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதெல்லாம் வெறும் ஆறுதல் பேச்சு என்பவர்களுக்கு ஒரு தகவல். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு அலசியது. ஒருவரை முறையாக ஏ.ஏ.வில் சேர்த்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில், பெயர்பெற்ற மற்ற சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்தது தெரியவந்தது.

பெயரை வெளியிடாததும் விளம்பரம் தேடாததும் ஏ.ஏ.வினரின் மரபு. அது மதிக்க வேண்டிய மரபு. ஆனால் ஆளின் பெயரை மறைக்கலாம், அறையை மறைக்க வேண்டியதில்லை. இடம் கொடுக்கும் பள்ளிகளே, தேவாலயங்களே, கேட்டில் ஒரு அட்டை மாட்டுங்கள்: 'ஏ.ஏ.', ஒரு அம்புக்குறி. போதும்.

உங்கள் வீட்டில் ஒருவர் போக வேண்டியிருந்தால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கேளுங்கள். முதல் நாள் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். வழியை நீங்கள் விசாரியுங்கள். அவர் உங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.