டிக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம், மாத்திரைக்கு?

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தவுடன் நம்மவர்கள் அதில் செய்திடும் முதல் பெரிய வேலைகளில் ஒன்று விமான டிக்கெட் எடுப்பது. சாமளாபுரம், சோமனூர், மங்கலம் என விசைத்தறியும் பனியன் கம்பெனியும் சோறு போட்ட ஊர்களில், மகன் துபாயில், மகள் சிங்கப்பூரில் என்று இருக்கும் வீடுகள் பல. கோவையில் இருந்தே சார்ஜாவிற்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானம் இருப்பதால், அம்மா அப்பா போய் ஒரு மாதம் தங்கி வருவது சாதாரணமாகிவிட்டது. அந்த டிக்கெட்டிற்காக நான்கு தளங்களைத் திறந்து விலை பார்க்கிறோம். ஜன்னல் சீட் தேடுகிறோம். பருப்புப் பொடி எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்று கூடத் தேடிப் பார்க்கிறோம். பெட்டியில் போகும் மாத்திரைகளைப் பற்றி மட்டும் யாரும் கம்ப்யூட்டரைக் கேட்பதில்லை.

“நம்ம டாக்டர் எழுதுன மாத்திரைதானுங்க, இதுல என்னங்க இருக்குது?” என்பார்கள். இருக்கிறது. அதிலும் வலி மாத்திரை என்றால் கட்டாயம் பார்த்திட வேண்டும்.

நம் பகுதியில் வலி மாத்திரை இல்லாத வீடு குறைவு. தறி முன்னால் வருடக்கணக்கில் நின்றவருக்கு முழங்கால். கட்டிங் டேபிளில் குனிந்தே வேலை பார்த்தவருக்கு இடுப்பு. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவருக்குக் கழுத்து. பாரசிட்டமால், டைக்ளோபினாக் போன்றவற்றோடு நின்றால் பெரும்பாலான நாடுகளில் சிக்கல் வருவதில்லை. ஆனால் வலி முற்றியவருக்கு டிரமடால் எழுதுகிறார்கள். பாரசிட்டமாலுடன் சேர்த்து ஒரே மாத்திரையாகவும் அது வருகிறது. நரம்பு வலிக்கு என்று தரும் மாத்திரையில் பல நேரங்களில் இருப்பது பிரிகாபலின். இருமலுக்கான சில சிரப்புகளில் கோடீன் இருக்கிறது. இந்த மூன்று பெயர்களையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். வளைகுடா நாடுகளில் இவை போதை மருந்துக் கட்டுப்பாட்டில் வருபவை. கத்தாரில் உள்ள நம் இந்தியத் தூதரகம், இவற்றின் பெயர்களைச் சொல்லியே கொண்டு வராதீர்கள் என்று எச்சரித்திருக்கிறது. நண்பர், உறவினருக்காக மருந்து வாங்கி வர வேண்டாம் என்றும் அதே எச்சரிக்கை சொல்கிறது.

டிரமடால் நம் நாட்டிலும் சாதாரண மாத்திரை இல்லை. 2018 ஏப்ரலில் மத்திய அரசு இதனைப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தது. பல வருடங்களாகச் சாப்பிட்டு வருபவர்களுக்கு இது தெரியாமலே இருக்கிறது.

தெரியாமல் கொண்டு போனேன் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்களா? 2017 அக்டோபரில் பிரிட்டனைச் சேர்ந்த பெண் ஒருவர் 290 டிரமடால் மாத்திரைகளுடன் எகிப்தில் இறங்கினார். முதுகு வலி உள்ள தன் துணைவருக்காகக் கொண்டு வந்ததாகச் சொன்னார். அங்கே அது தடை செய்யப்பட்டது என்பது தனக்குத் தெரியாது என்றார். அந்த டிசம்பரில் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2019 ஜனவரியில்தான் வெளியே வந்தார். கூரியரில் அனுப்பினாலும் இதே கதைதான். 2015 ஜூனில் டொயோட்டா நிறுவனத்தின் மிக உயர்ந்த பதவியில் இருந்த ஜூலி ஹேம்ப், அமெரிக்காவில் இருந்து பார்சலில் வந்த 57 ஆக்சிகோடோன் வலி மாத்திரைகளுக்காக டோக்கியோவில் கைது செய்யப்பட்டார். வழக்குப் பதியாமல் ஜூலையில் விட்டுவிட்டார்கள். ஆனால் வேலை போய்விட்டது. அவ்வளவு பெரிய கம்பெனியின் அதிகாரிக்கே இந்த நிலை. மகனைப் பார்க்கப் போகும் பெரியவருக்கு அங்கே பேச ஆள் யார்?

இங்கேதான் உங்கள் கம்ப்யூட்டர் உதவிக்கு வருகிறது. ஆனால் எப்படித் தேடுகிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது.

தேடல் தளத்தில் மருந்தின் பெயரையும் நாட்டின் பெயரையும் கொடுத்து என்டர் தட்டியவுடன், இப்போதெல்லாம் உச்சியில் ஏ.ஐ. ஒரு சுருக்கம் எழுதித் தருகிறது. அதன் கீழே விளம்பரங்கள். அதற்கும் கீழே, யாரோ எப்போதோ எழுதிய பயண அனுபவங்கள். இவை எதையும் நம்பி மாத்திரையைப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம், இந்தப் பட்டியல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பிரிகாபலினையே எடுத்துக் கொள்ளுங்கள். பிரிட்டன் அதனைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக ஆக்கியது 2019 ஏப்ரல் 1 அன்று. 2018ல் ஒருவர் “எந்தப் பிரச்சினையும் இல்லை” என்று எழுதியிருந்தால், அது அன்றைக்கு உண்மை, இன்றைக்குத் தவறு. அந்தப் பக்கம் மட்டும் இன்டர்நெட்டில் அப்படியே நிற்கும்.

எனவே போக வேண்டிய இடம் அந்த நாட்டின் அரசுத் தளம். சிங்கப்பூர் என்றால் அங்குள்ள ஹெச்.எஸ்.ஏ. என்னும் சுகாதார அறிவியல் ஆணையம். அமீரகம் என்றால் மருந்து அனுமதிகளைக் கவனிக்கும் அதன் அரசு அமைப்பு. சவுதி என்றால் எஸ்.எப்.டி.ஏ. என்னும் உணவு மருந்து ஆணையம். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்குப் பயணத்திற்கு முன்பே ஆன்லைனில் அனுமதி கேட்க இங்கெல்லாம் வழி வைத்திருக்கிறார்கள். சொந்த உபயோகத்திற்கு மூன்று மாத அளவிற்கு மேல் கூடாது என்கிறது சிங்கப்பூர். வேறு நாடு என்றால், வியன்னாவில் இருக்கும் சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பயணிகளுக்கான பக்கம் ஒன்று உள்ளது. நாடு வாரியாக விதிகளைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். நேரடி விமானம் இல்லாமல் வழியில் இறங்கி மாறுகிறீர்கள் என்றால், அந்த நாட்டின் விதியையும் சேர்த்துப் பார்த்திட வேண்டும்.

அரசுத் தளம்தானா என்று எப்படி அறிவது? அட்ரஸ் பாரில் இருக்கும் முகவரியில் முதல் சாய்வுக் கோடு வரை உள்ள பகுதியை வலது பக்கத்தில் இருந்து படியுங்கள். சிங்கப்பூர் அரசு என்றால் அது ஜி.ஓ.வி., புள்ளி, எஸ்.ஜி. என்று முடியும். அமீரகம் என்றால் கடைசி எழுத்துகள் ஏ.இ. நடுவில் எங்கோ ஜி.ஓ.வி. என்று வைத்து, முடிவில் டாட் காம் என்று இருந்தால் அது பணம் பிடுங்கும் கடையாக இருக்கலாம். வெளியே வந்துவிடுங்கள்.

புதியவர்கள் சறுக்கும் இடம் அடுத்தது. பட்டியல் பல பக்க பி.டி.எப். பைலாக இருக்கும். கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தித் தேடலாம். ஆனால் நீங்கள் மாத்திரையின் பிராண்ட் பெயரை டைப் செய்தால், ஒன்றும் இல்லை என்று பதில் வரும். “அப்பாடா” என்று மூடிவிடுவீர்கள். பட்டியலில் இருப்பது மருந்தின் மூலப் பெயர். அட்டையில் பிராண்ட் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறதே, அதனைத்தான் எழுத்துப் பிசகாமல் தர வேண்டும். கூட்டு மாத்திரை என்றால் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே தேடுங்கள். இன்னொன்று, சில பைல்கள் வெறும் ஸ்கேன் படங்கள்; அவற்றில் எதைத் தேடினாலும் கிடைக்காது. கண்ணெதிரே திரையில் தெரியும் ஒரு சொல்லை முதலில் தேடிப் பாருங்கள். அதுவே அகப்படவில்லை என்றால், பட்டியல் முழுவதையும் கண்ணால்தான் படிக்க வேண்டும். பிறகு அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுங்கள். எடுத்த தேதியை அதன் ஓரத்தில் எழுதி வைத்திடுங்கள்.

நம் மெடிக்கல் ஷாப்காரர்கள் மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆறு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டி, காகிதக் கவரில் போட்டுத் தருகிறார்கள். வெட்டியதில் பெயரும் போய்விடும், காலாவதித் தேதியும் போய்விடும். பில் கேட்டால்தான் கிடைக்கும். உள்ளூரில் இது பரவாயில்லை. அயல்நாட்டுச் சுங்க அதிகாரி முன்னால், பெயரில்லாத பன்னிரண்டு மாத்திரைகள் என்ன சொல்லும்? பயணம் என்று சொல்லி முழு அட்டையும் பில்லும் கேட்டு வாங்குங்கள். டாக்டரிடமும் கேளுங்கள்: நோயின் பெயர், மருந்தின் மூலப் பெயர், அளவு, எத்தனை நாளைக்கு என்பதை லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் டைப் செய்து, கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தரச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் இல்லாத கிளினிக் இன்று குறைவு. இதற்கு ஐந்து நிமிடம் போதும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே அதிலும் இருக்கட்டும். நாமே வீட்டில் டைப் செய்து கையெழுத்து மட்டும் போட்டுக்கொள்ளலாமே என்று சிலருக்குத் தோன்றும். டாக்டருடைய கையெழுத்தை நாம் போட்டால் அதற்குப் பெயர் போலி ஆவணம். மாத்திரையை விட அதுவே பெரிய வழக்காகிவிடும்.

அனுமதி கேட்கும்போது இந்தக் கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பலாம். ஒரு பிரதியை உங்களுக்கே மெயில் செய்தும் வையுங்கள். ஆனால் விமான நிலையத்தில் காட்ட வேண்டியது பேப்பர். அதனை மருந்துடன் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் அல்ல.

இதைப் படித்துவிட்டு, எதற்கு வம்பு என்று மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள். அது இன்னும் மோசம். டிரமடால், பிரிகாபலின் போன்றவற்றை நாள்பட எடுப்பவர் திடீரென்று நிறுத்தினால், வலி திரும்புவதோடு உடல் நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். புற்றுநோய் வலிக்கு மார்பின் எடுப்பவர்கள் கூட, முறையான அனுமதியோடு பயணம் போகிறார்கள். பேரனைப் பார்க்கும் ஆசையை அவர்கள் விட்டுவிட வேண்டியதில்லை. அனுமதி வர நாளாகும் என்பதால், டிக்கெட் போடும் அன்றே விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள். அனுமதி இல்லை என்று பதில் வந்தால், டாக்டரிடம் போய் வேறு மருந்துக்கு மெல்ல மாற அவகாசம் இருக்கும். பழைய மருந்தைப் படிப்படியாகக் குறைக்கச் சில வாரங்கள் பிடிக்கலாம். எத்தனை வாரம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.