நதிமூலம், ரிஷிமூலம், வண்டுமூலம்

எங்கள் ஆடிட்டிங் சார் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "வவுச்சர் இல்லையா, என்ட்ரி இல்லை." மூணு வருஷ பி.காமில் என் மண்டையில் உருப்படியாகத் தங்கியது அதுதான். இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான். ஆனால் விஷயம் கணக்கு இல்லை. வண்டு.

சிரிக்காதீங்க மக்களே, மேட்டர் சீரியஸ்.

ஜுராசிக் பார்க் படத்தில் மஞ்சள் கல்லுக்குள் ஒரு கொசு இருக்குமே, அந்தக் கல்தான் அம்பர். மரத்திலிருந்து வழிந்த பிசின், கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்து கல்லாக இறுகியது. பிசினில் மாட்டிய பூச்சி ரோமம் கலையாமல் அப்படியே இருக்கும். மியான்மரின் வடக்கே காச்சின் மாநிலத்தில் ஹுகாவுங் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். அங்கே கிடைக்கும் அம்பருக்கு வயது சுமார் 9.9 கோடி ஆண்டுகள். டைனோசர் காலத்துச் சரக்கு.

2019-ல் அந்த அம்பரிலிருந்து ஒரு புது வண்டினத்துக்குப் பெயர் வைத்தார்கள். ஆஞ்சிமார்டெல்லா பர்மிடினா. அரை சென்டிமீட்டர்கூட இல்லாத வண்டு. அதன் உடம்பிலும் சுற்றிலும் 62 மகரந்தத் துகள்களை எண்ணியிருக்கிறார்கள். பூக்களுக்குப் பூச்சிகள் மகரந்தம் சுமந்ததற்கான நேரடிச் சாட்சியை இந்த ஒரு வண்டு சுமார் 5 கோடி ஆண்டுகள் பின்னால் தள்ளிவிட்டது. படித்தபோது எனக்குப் புல்லரித்தது, பொய் சொல்லவில்லை.

ஒரு வண்டு புது இனமா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? கல்லைத் தேய்த்துப் பாலிஷ் போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைக்கிறார்கள். தெரியாத பாகத்துக்கு மைக்ரோ சி.டி. ஸ்கேன். உணர்கொம்பில் எத்தனை கணு, ஒவ்வொரு காலின் பாதத்திலும் எத்தனை துண்டு, முதுகு ஓட்டில் வரி எப்படி ஓடுகிறது என்று ஒவ்வொன்றாக அளக்கிறார்கள். பிறகு தெரிந்த இனங்களோடு ஒப்பிட்டு, எதோடும் பொருந்தவில்லை என்றால்தான் புதுப் பெயர். உலகில் பெயர் வைத்த வண்டினங்களே சுமார் நாலு லட்சம் என்பதால் இது லேசுப்பட்ட வேலை இல்லை.

இவ்வளவு நுணுக்கமாக அளக்கிறவர்களிடம் ஒரு சின்னக் கேள்வி. இந்தக் கல்லை எப்போது தோண்டினார்கள்? யார் விற்றார், யார் வாங்கினார்? பல கட்டுரைகளில் இதற்கு "ஹுகாவுங் பள்ளத்தாக்கு, காச்சின்" என்று ஊர் பெயர்தான் பதில். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை கணக்கு வைத்தவர்கள் இந்த இடத்தில் மட்டும் நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

அந்த ஊரில் நடந்தது என்ன? தோள் நுழையும் அளவே உள்ள குழிக்குள் ஆள் இறங்கித் தோண்டும் சுரங்கங்கள் அவை. காச்சின் கிளர்ச்சிப் படைக்கும் மியான்மர் ராணுவத்துக்கும் பல வருஷச் சண்டை. இரு பக்கத்துக்கும் இந்தக் கல் பணம். ஜூன் 2017-ல் ராணுவம் வானிலிருந்து துண்டறிக்கை போட்டு ஊரைக் காலி செய்யச் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு போர் நாடு முழுக்கப் பரவியது.

இதைப் பார்த்துத்தான் முதுகெலும்பி தொல்லுயிரியல் சங்கம் ஏப்ரல் 2020-ல் ஆய்விதழ்களுக்குக் கடிதம் எழுதியது. ஜூன் 2017-க்குப் பிறகு மியான்மரில் வாங்கிய அம்பர் புதைபடிவங்களைக் கொஞ்ச காலம் பிரசுரிக்காதீர்கள் என்றது. சில இதழ்கள் ஏற்றுக்கொண்டன. பூச்சி ஆராய்ச்சியாளர்கள் பலர் கொதித்தார்கள். அவர்களுடைய வாதங்களைப் பார்ப்போம்.

வாதம் ஒன்று: "நாங்கள் வாங்காவிட்டால் அது யார் கழுத்திலாவது நெக்லஸாகிவிடும். அறிவியலுக்கு நஷ்டம்." நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய பேப்பர் கடைக்காரர் திருட்டு சைக்கிளை வாங்கிவிட்டு இதையே சொன்னால் போலீஸ் ஒத்துக்கொள்ளுமா?

வாதம் இரண்டு: "சந்தை நின்றால் சுரங்கக் கூலிக்காரன் பட்டினி." இது உண்மையாகவே கனமான வாதம். ஆனால் கூலிக்காரன் மேல் அவ்வளவு அக்கறை இருந்தால், அவனுக்கு எவ்வளவு போனது என்று கட்டுரையில் ஒரு வரி எழுதலாமே? இந்த அம்பர் பற்றிய கட்டுரைகளில் மியான்மர் ஆராய்ச்சியாளர் பெயர்கூட அபூர்வம்.

வாதம் மூன்று: "கல் எப்போது தோண்டியது என்று நிரூபிக்கவே முடியாது." ஐயா, அதைத்தானே நானும் சொல்கிறேன்! வவுச்சர் இல்லை என்பது ஆடிட்டரிடம் சாக்கு ஆகாது. அதுதான் குற்றச்சாட்டே.

அடுத்து வண்டு எங்கே இருக்கிறது என்ற கேள்வி. புது இனத்துக்குப் பெயர் வைக்க ஒரு மூல மாதிரி வேண்டும். ஹோலோடைப் என்பார்கள். சந்தேகம் வந்தால் யாரும் போய்ப் பார்க்க வேண்டிய ஒரிஜினல் பத்திரம் அது. சர்வதேசப் பெயரிடல் விதிகள் அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்று எழுதச் சொல்கின்றன. ஆனால் பொது அருங்காட்சியகத்தில் வைப்பது வெறும் பரிந்துரை. தனியார் வீட்டு பீரோவில்கூட இருக்கலாம். கூட்டு வியாபாரத்தில் ஒரே பார்ட்னர் கல்லாச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டால் எப்படி இருக்கும்?

ஏன் இது முக்கியம் என்றால், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பால்டிக் அம்பருக்குள் ஒரு ஈ இருந்தது. பெரிய நிபுணர்களே நம்பிய ஈ. 1993-ல்தான் தெரிந்தது, யாரோ அம்பரை இரண்டாக வெட்டி, குடைந்து, இந்தக் காலத்து ஈயை உள்ளே வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று. பொது இடத்தில் இருந்ததால் மறுபடி எடுத்துப் பார்க்க முடிந்தது. பீரோவில் இருந்தால்?

ஒழுங்காகச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2021-ல் ஆக்குலுடென்டாவிஸ் நாகா என்ற அம்பர் பல்லிக்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் கல்லை வாங்கிய ரத்தினவியலாளர் அடால்ஃப் பெரெட்டி ஏற்றுமதி ஆவணங்களோடு வைத்திருந்தார். பல்லிக்கு முடிந்தது வண்டுக்கு முடியாதா?

நான் நிரந்தரத் தடை கேட்கவில்லை. கேட்பது மூன்றே மூன்று. எப்போது, யாரிடமிருந்து, எந்த அனுமதியோடு வந்தது என்று கட்டுரையிலேயே எழுதுங்கள். ஹோலோடைப்பைப் பொது அருங்காட்சியகத்தில் வையுங்கள். இரண்டும் இல்லாத வண்டு இன்னும் கொஞ்ச நாள் பெயரில்லாமல் கிடக்கட்டும்.

9.9 கோடி வருஷம் காத்திருந்த வண்டு. இன்னும் ஒரு பத்து வருஷம் காத்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. குழிக்குள் இறங்குகிறவனுக்குத்தான் அவ்வளவு நேரம் இல்லை.

பி.கு: "காமர்ஸ்காரனுக்கு வண்டைப் பற்றி என்னடா தெரியும்?" என்று விலங்கியல் நண்பன் கேட்டான். வண்டைப் பற்றித் தெரியாது மச்சி. பில் இல்லாத சரக்கைப் பற்றித் தெரியும் :-)