பூங்கா யாருடையது?

பொதுப் பூங்காக்களில் நாய்களைக் கட்டவிழ்த்து உலவவிடலாமா என்னும் வாதம் இன்று உலகின் பல நகரங்களில் நடைபெற்று வருகின்றது. இதனை வேலையற்றோர் வம்பு என்று ஒதுக்கித் தள்ளுவோர் உளர். விலைவாசியும் வேலையின்மையும் கடன்சுமையும் மக்களை அழுத்திக்கொண்டிருக்கையில் நாய்ச் சங்கிலியைப்பற்றி எழுதுவது எதற்கு என்றும் அவர்கள் வினவக்கூடும். ஆனால் ஒரு சமுதாயத்தின் உண்மையான உறவுகள் பாராளுமன்றப் பேச்சுக்களில் மாத்திரம் வெளிப்படுவதில்லை. மாலை வேளையில் மக்கள் காற்று வாங்க வரும் புற்றரையிலும் அவை வெளிப்படுகின்றன. அங்கே தலைநிமிர்ந்து நடப்பவர் யார், ஒதுங்கி வழிவிடுபவர் யார் என்பதை உற்று நோக்குவோர்க்கு, பொதுச்சொத்து உண்மையில் யார் வசம் இருக்கின்றது என்ற கேள்வியே இவ்வாதத்தின் அடியிற் கிடப்பது தெளிவாகும்.

முதலில் நிகழ்ச்சியொன்றை நோக்குவோம். 2024ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி இரவு, சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், கட்டவிழ்த்து விடப்பட்டிருந்த றொட்வைலர் இன நாய்கள் இரண்டு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துக் குதறின. அவளை மீட்க ஓடிய தாயும் கடியுண்டார். தலையிற் பட்ட காயங்களுக்காகச் சிறுமிக்கு அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. நாய்களை வளர்த்தவர் கைது செய்யப்பட்டார். பத்திரிகைகள் சில நாட்கள் எழுதின. பின்னர் வேறு செய்திகளுக்குச் சென்றுவிட்டன.

அச்சிறுமி யார்? அந்தப் பூங்காவின் காவலாளியுடைய மகள். பூங்காவிலேயே அக்குடும்பம் குடியிருந்தது. செல்வர்க்குப் பூங்கா என்பது வீட்டிற்கு வெளியே உள்ள மற்றோர் இன்பம். அக்குழந்தைக்கோ அதுவே வீடு, அதுவே முற்றம், அதுவே விளையாட்டிடம். அவள் நாய் இருக்கும் இடத்திற்குச் செல்லவில்லை. நாய்தான் அவள் இருக்கும் இடத்திற்குக் கொண்டுவரப்பட்டது. பூங்காவிற் குழந்தையைத் தனியே விடலாமா என்று பெற்றோரைக் குறைகூறும் நாக்குகள் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். தன் வீட்டு முற்றத்தில் நின்றதற்காக எந்தக் குழந்தையின்மீதும் நாம் பழி சுமத்துவதில்லை அன்றோ?

நாயைக் கட்டவிழ்த்து விடுவோரின் வாயில் எந்நாட்டிலும் எம்மொழியிலும் தவறாது வருகின்ற வாக்கியம் ஒன்றுண்டு: ‘பயப்படாதீர்கள், ஒன்றுஞ் செய்யாது.’ இவ்வாக்கியத்தைச் சற்று ஆராய்வோம். ஒன்றுஞ் செய்யாது என்பதற்கு ஆதாரம் யாது? வளர்த்தவரை அது ஒன்றுஞ் செய்ததில்லை என்பதே. தனக்குச் சோறிடும் கையைக் கடிக்காமை நாய்க்கு இயல்பு. ஆனால் பூங்காவில் ஓடி விளையாடும் குழந்தை அந்த நாய்க்குச் சோறிட்டதில்லை. ஓடுவதைக் கண்டால் துரத்துவதும் வேட்டை விலங்கின் வழிவந்த நாய்க்கு இயல்பே. குழந்தை ஓடுகின்றது, கூவுகின்றது, கையை வீசுகின்றது. அதன் முகமோ பெரிய நாயின் வாய்க்கு நேர் உயரத்தில் இருக்கின்றது. எனவே ‘ஒன்றுஞ் செய்யாது’ என்னும் வாக்குறுதியை அளிப்பவர் ஒருவர். அது பொய்த்துப் போனால் இரத்தஞ் சிந்துபவர் வேறொருவர். இலாபம் ஒருவருக்கும் நட்டம் மற்றொருவருக்குமான இவ்வொப்பந்தம் நமக்குப் புதியதன்று. தோட்டத்திலும் ஆலையிலும் கடையிலும் நாம் நெடுங்காலமாகக் கண்டுவருவதே.

நாயைக் கண்டு அஞ்சுவதை அறியாமை என்று நகைப்போரும் உளர். அச்சத்திற்குக் காரணம் உண்டு. விசர்நாய்க்கடி நோயின் குறிகள் உடலிலே தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கின்றது. மனிதர்க்கு ஏற்படும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்களாலேயே பரவுகின்றது. கடியுண்டு பலியாவோரில் பத்தில் நால்வர் பதினைந்து வயதிற்குட்பட்ட சிறார். கடித்த நாய் தடுப்பூசி ஏற்றப்பட்டதா என்பதைக் கடியுண்டவர் எவ்வாறு அறிவார்? நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் ஊசி இலவசந்தான். ஆயினும் குறித்த நாட்களிற் பலமுறை சென்று ஏற்றிக்கொள்ள வேண்டும். நாட்கூலி பெறுபவர்க்கு அவ்வொவ்வொரு நாளும் அடுப்பெரியாத நாள். வாகனத்தில் வந்திறங்கி நாயை அவிழ்த்து விடுபவர் இக்கணக்கை ஒருபோதும் பார்த்ததில்லை.

கட்டவிழ்ப்பை ஆதரிப்போரின் நியாயங்களை நாம் புறக்கணிக்கவில்லை. நாய் ஓடவேண்டிய பிராணி. நாள் முழுவதும் சங்கிலியிற் கட்டுண்டு கிடப்பது அதற்குக் கொடுமை என்கின்றனர். உண்மையே. ஆனால் இவ்வுண்மையிலிருந்து கிடைக்கும் முடிவு, நாய் ஓடுவதற்குத் தனியான வேலியிட்ட இடம் வேண்டும் என்பதேயாகும். கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் 1979ஆம் ஆண்டிலேயே அத்தகைய இடம் ஒன்று அமைக்கப்பட்டது. நியூயோர்க் நகரில் பூங்காக்கள் பலவற்றின் குறித்த பகுதிகளில் காலை ஒன்பது மணிக்கு முன்னரும் இரவு ஒன்பது மணிக்குப் பின்னரும் நாய்களை அவிழ்த்து விடலாம். ஏனைய நேரங்களிற் கட்டியே கொண்டுசெல்ல வேண்டும். இவ்வொழுங்கு 2007இல் முறையான விதியாயிற்று. மனிதருக்கும் நாய்க்கும் இடத்தையும் நேரத்தையும் பங்கிட முடியும் என்பதற்கு இவை சான்றுகள். பங்கிட முடியுமாயிருந்தும், முழுவதும் எனக்கே வேண்டும் என்று ஒருவர் நிற்பாராயின், அவர் வேண்டுவது நாயின் சுதந்திரத்தையா, தம்முடைய சுதந்திரத்தையா?

சீவகாருண்யத்தை முன்வைப்போர் தருமபுத்திரனின் கதையைக் கூறுவர். தன்னைப் பின்தொடர்ந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தான் அவன். அழகிய கதைதான். ஆனால் அதன் பொருள் யாது? தன்னை அடைந்த உயிருக்குத் தான் பொறுப்பு என்று அவன் ஏற்றுக்கொண்டான். அப்பொறுப்பிற்காகத் தனக்குக் கிடைத்த பேற்றையே துறக்கத் துணிந்தான். நம் நகரத்துத் தருமபுத்திரர்களோ அரைமணி நேரம் சங்கிலியைக் கையிற் பிடிக்கும் சிரமத்தையும் துறவாகக் கருதுகின்றனர். பொறுப்பை மறுக்கும் அன்பு வெறும் பொழுதுபோக்கே.

இனி, சட்டம் இருக்கின்றதே என்பார் மற்றொரு சாரார். சட்டம் இருக்கின்றது, அது யாருக்கு உதவுகின்றது என்பதுதான் வினா. மேற்குறித்த நியூயோர்க் நகரின் சென்ரல் பார்க்கில், பறவைகளுக்குப் புகலிடமான பகுதியில், எந்த நேரத்திலும் நாயைக் கட்டியே வைத்திருக்கவேண்டும் என்பது விதி. 2020ஆம் ஆண்டு மே 25ஆந் திகதி அங்கே பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் ஒருவர், நாயை அவிழ்த்துவிட்டிருந்த வெள்ளையினப் பெண்ணொருவரிடம் அவ்விதியைச் சுட்டிக்காட்டினார். அப்பெண் பொலிசாரைத் தொலைபேசியில் அழைத்து, ஆபிரிக்க அமெரிக்கர் ஒருவர் தம் உயிருக்கு அச்சுறுத்தல் விளைவிப்பதாகப் பொய்யுரைத்தார். அதே நாளில் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் என்னும் கறுப்பினத்தவர் பொலிஸ்காரரின் முழங்காலின்கீழ் மூச்சுத் திணறி மாண்டார் என்பதை நினைவிற்கொண்டால், அவ்வழைப்பின் கொடூரம் புலப்படும். பறவை பார்த்தவர் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார். பொய் முறைப்பாட்டிற்காகப் பெண்மீது வழக்குத் தொடரப்பட்டு, 2021 பெப்ரவரியில் அது கைவிடப்பட்டது. விதியை மீறியவர் அரசாங்கத்தின் படைபலம் தமக்குத் துணைவரும் என்று நம்பினார். விதியைக் காக்க முயன்றவரோ தம் உயிரைக் காக்கப் படக்கருவியை நம்பவேண்டியிருந்தது.

இந்த ஏற்றத்தாழ்வு நம் பக்கத்துப் பூங்காக்களிலும் வேறு உருவில் உள்ளது. விதிப்பலகை வாயிலில் தொங்குகின்றது. அதனை நடைமுறைப்படுத்த வேண்டியவர் யார்? சொற்ப சம்பளம் பெறும் காவலாளி. மாளிகையிலிருந்து வருபவரிடம் ‘ஐயா, நாயைக் கட்டுங்கள்’ என்று அவர் சொல்வாராயின், மறுநாள் அவர்மீதே முறைப்பாடு போகும். சமூகத்தில் மிக வலியற்றவரின் தோளிலே சட்டத்தைச் சுமத்திவிட்டு, சட்டம் இயங்கவில்லை என்று கைவிரிப்பது ஆட்சியாளரின் பழைய தந்திரம்.

வேறொரு தந்திரமும் உண்டு. இரத்தஞ் சிந்தியதும் குற்றத்தை ஓர் இனத்தின்மீது போடுவது. இந்திய மத்திய அரசாங்கம் 2024 மார்ச்சில் றொட்வைலர் உட்பட இருபத்துமூன்று இன நாய்களைத் தடைசெய்யுமாறு மாநிலங்களைப் பணித்தது. சம்பந்தப்பட்டோரைக் கேளாது செய்யப்பட்டதென்று ஏப்ரலிலே கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது. அடுத்த மாதமே சென்னைச் சிறுமி கடியுண்டாள். சங்கிலி பிடிக்கும் கையைப்பற்றி வாய்திறவாது நாயின் சாதியைப்பற்றி விவாதித்ததன் பயன் இதுவே. சாதியைக்கொண்டு குணத்தை அளக்கும் மனப்பான்மையை மனிதர் விடயத்தில் எதிர்க்கும் நாம் நாயின் விடயத்திலும் அதனை நம்பலாகாது. 2025இல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்தி உரிமம் பெறுதலைக் கட்டாயமாக்கி, தவறுவோர்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தமை இதைவிடப் பயனுள்ள வழி. அது வளர்ப்பவரின் பெயரை நாயுடன் பிணைக்கின்றது. ஆனால் குழந்தை கடியுண்ட பின்னரே இந்த விழிப்பு ஏன் வந்தது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

இவ்விடத்தில் நம் நிலையைத் திரித்துக் கூற இடமளிக்கக் கூடாது. நாய்களை ஒழிக்கவேண்டும் என்ற கூக்குரலுடன் நமக்கு உடன்பாடில்லை. 2025 ஆகஸ்ட் 11ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் டில்லியின் தெருநாய்கள் யாவற்றையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு கட்டளையிட்டனர். பதினொரு நாட்களின்பின் மூவர் கொண்ட அமர்வு அதனை மாற்றி, கருத்தடை செய்து தடுப்பூசி ஏற்றிய நாய்களை, விசர்நோயுற்றவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே மீண்டும் விடுமாறு பணித்தது. இப்பெரும் வாதத்தில் நம் கண்ணில் உறுத்துவது ஒன்று. எசமானனற்ற தெருநாய்க்கென நாடே திரண்டு தீர்ப்புக் கேட்கின்றது. எசமானனுள்ள நாய்க்குரிய சங்கிலியைப்பற்றி அவ்வளவு பேச்சில்லை. தெருநாய்களிற் பல, ஒரு காலத்தில் வீடொன்றிற் குட்டியாகச் சீராட்டப்பட்டுப் பின்னர் வீதியில் எறியப்பட்டவை அல்லது அவற்றின் வழிவந்தவை என்பதும் மறக்கப்படுகின்றது.

நம் நாட்டு வரலாறும் பாடம் புகட்டுகின்றது. விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டத்தைப் பிரித்தானியர் 1893இல் இயற்றினர். நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இல் வந்தது. தெருநாய்களைக் கொன்று நோயை அடக்கலாம் என்ற முறை நெடுங்காலம் கையாளப்பட்டு, 2006இல் கொலை நிறுத்தப்பட்டது. நோயைத் தடுக்கும் வழி நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி ஏற்றுவதே என்பது இன்று விஞ்ஞானம் ஒப்புக்கொண்ட உண்மை. ஆகவே கருணைக்கும் பாதுகாப்புக்கும் இடையே பகையில்லை. பகை, பொதுநலனுக்கும் பொறுப்பற்ற உடைமையுணர்வுக்கும் இடையிலேயே உள்ளது.

தமிழிலக்கியம் பயின்றோர் இரு சொற்களை அறிவர். ஒன்று மன்றம்: ஊர் நடுவே மரநிழலில் எல்லாரும் கூடிய பொதுவிடம். மற்றொன்று சிலப்பதிகாரம் குறிப்பிடும் இலவந்திகை: அரச குடும்பத்தினர் விளையாடுதற்கெனக் காவலிடப்பட்ட சோலை. இன்றைய பூங்காவின் பெயர்ப்பலகை மன்றம் என்கின்றது. அதன் நடைமுறை இலவந்திகையாகி வருகின்றது. காவலும் மதிலும் இல்லாமலே ஏழைகளை வெளியேற்ற அவிழ்த்துவிட்ட நாயொன்று போதும். முதியவர் வருவதை நிறுத்துவார், கர்ப்பிணி நிறுத்துவார், ஊன்றுகோலுடன் நடக்கும் பார்வையற்றவர் நிறுத்துவார், தாய் குழந்தையை வீட்டிலேயே இருத்துவார். ஒருவரும் அவர்களை வெளியேறச் சொல்லவில்லை. ஆயினும் பூங்கா காலியாகிவிட்டது. கொழும்பின் விக்டோரியாப் பூங்கா விகாரமகாதேவிப் பூங்காவாகிப் பல்லாண்டுகளாயின. பெயர் மாறியதனால் மாத்திரம் ஒரு நிலம் மக்களுடையதாகிவிடாது. மக்கள் அங்கே அச்சமின்றி நடமாடினால்தான் ஆகும்.

நாம் வேண்டுவன இவை. மக்கள் கூடும் நேரங்களில் பூங்காக்களில் நாய்களைக் கட்டியே கொண்டுசெல்லவேண்டும். நாய்கள் ஓடுவதற்கென வேலியிட்ட இடத்தை உள்ளூராட்சி மன்றங்கள் ஒதுக்கவேண்டும். அதன் செலவைப் பதிவுக் கட்டணமாக நாய் வளர்க்கும் வசதி படைத்தோர் ஏற்கவேண்டும். வீட்டு நாய்க்கும் தெருநாய்க்கும் தடுப்பூசியும் கருத்தடையும் அரசாங்கத்தின் செலவில் ஒழுங்காக நடைபெறவேண்டும். விதியைச் சுட்டிக்காட்டும் பூங்காத் தொழிலாளியின் வேலைக்கும் மானத்துக்கும் அவரை அமர்த்திய சபை எழுத்துமூலம் பாதுகாப்பளிக்கவேண்டும். இவற்றுள் எதுவும் நாய்க்குத் தீங்கானதன்று. பணக்காரரின் உரிமையைப் பறிப்பதுமன்று.

ஆசிரியரும் மாணவரும் இதிற் செய்யக்கூடியது உண்டு. பாடசாலைக்கு அண்மையிலுள்ள பூங்காவில் யார் வருகின்றனர், யார் வருவதை நிறுத்திவிட்டனர், ஏன் நிறுத்தினர் என்று கேட்டறிந்து எழுதுங்கள். அவ்வறிக்கையுடன் உங்கள் மாநகர சபையின் அல்லது பிரதேச சபையின் வாயிலுக்குச் செல்லுங்கள். நுங்கம்பாக்கத்தில் அச்சிறுமி கடியுண்டதன் பின்னரே அதிகாரிகள் விழித்துக்கொண்டனர். நம் ஊரிலும் அவர்களை விழிக்கச்செய்ய இன்னொரு குழந்தையின் இரத்தம் தேவைப்படும்வரை நாம் காத்திருக்கலாகாது.